சரளைக் குழியும் கிணறே!

கிணறு என்றால் என்ன? இப்படிக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். கமலை கட்டி இறைத்த காலம் முதல் மின்சார மோட்டார் ஓடும் இக்காலம் வரை நாம் பார்க்காத கிணறா? நீருக்காகத் தோண்டியது கிணறு, அவ்வளவுதான். சரி, கல்லுக்காகத் தோண்டிய குழியில் நீர் ஊறி நின்றால் அதுவும் கிணறா? அதில் யாரும் இறைக்கவில்லை. ஒரு குடம் நீர்கூட மொள்ளவில்லை. இருந்தும் அது கிணறுதான் என்கிறது ஒரு சட்டம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துச் சட்டம் அது. அந்தச் சட்டத்தைத்தான் இக்கட்டுரையில் நாம் எடைபோட்டுப் பார்க்கப் போகிறோம்.

சட்டத்தை எடைபோட இயற்பியல் ஆசிரியனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். வழக்கறிஞரின் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இச்சட்டத்தின் ஒவ்வொரு விதிக்கு அடியிலும் ஆவியாதல், ஊடுருவல், நீர்மட்டம் என்று நம் பாடப்புத்தகத்துச் செய்திகளே இருக்கின்றன. அவற்றைச் சட்டம் எங்கே சரியாகப் புரிந்துகொண்டது, எங்கே கோட்டை விட்டது என்று பார்க்கும் உரிமை, இயற்பியல் படித்த உங்களுக்கும் எனக்கும் உண்டு.

ஒரு சொல் விளக்கம் முதலில். நம் பக்கத்தில் ‘கிராவல்’ என்றால் சாலைக்குக் கொட்டும் செம்மண்ணை நினைப்போம். இங்கே நான் சரளை என்று குறிப்பிடுவது, ஆறு பல்லாயிரம் ஆண்டுகளாக உருட்டிக் கொண்டுவந்து சேர்த்த கூழாங்கல்லும் மணலும் கலந்த படிவை. கான்கிரீட்டுக்கு நாம் ஜல்லி போடுவதுபோல் அங்கே இந்தச் சரளையை நிறையப் போடுகிறார்கள்.

ஆற்றோரத்துக் குழிகள்

ராக்கி மலையில் பிறந்து, டென்வர் நகரத்தின் வழியாக வடகிழக்கே ஓடி, நெப்ராஸ்கா மாநிலத்துக்குள் நுழைகிறது சவுத் பிளாட் என்னும் ஆறு. மழை குறைந்த வறண்ட நாடு அது. டென்வரில் ஆண்டு முழுதும் பெய்வது சுமார் 36 சென்டிமீட்டர் மழைதான். மலையில் உருகிவரும் பனிநீரை நம்பியே வயல்கள் இருக்கின்றன.

நம் ஊர்ப் பாசனத்தில் தலைமடை, கடைமடை என்று இடத்தைக் கொண்டு வரிசை பேசுவோம். கொலராடோவில் ஆண்டைக் கொண்டு வரிசை பேசுகிறார்கள். முதலில் நீர் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை. 1876-ஆம் ஆண்டில் எழுதிய மாநில அரசியல் சட்டத்திலேயே இது இடம் பெற்றுவிட்டது. ஆற்றில் நீர் குறைந்தால், பின்னால் வந்தவர் மதகை மூட வேண்டும். முன்னால் வந்தவரின் பங்கு நிறைந்த பிறகே அவருக்கு நீர்.

இந்த ஆற்றின் இரு கரையிலும் பூமிக்குள் சரளைப் படிவு பரந்து கிடக்கிறது. கற்களுக்கு இடையே உள்ள சந்துகளில் நீர் நிரம்பியிருக்கிறது. அந்த நீரும் ஆற்று நீரும் வேறு வேறு அல்ல. மண்ணுக்குள் மெல்ல நகரும் ஆறு என்றே அதைச் சொல்லலாம். அதனால் 1969-இல் கொலராடோ அரசு ஒரு முக்கியமான சட்டம் இயற்றிற்று. ஆற்றோடு தொடர்புள்ள நிலத்தடி நீரை எடுக்கும் கிணறுகளும் ஆற்று நீருக்கான உரிமை வரிசையில் நிற்க வேண்டும் என்றது அச்சட்டம்.

கிணற்றை வரிசையில் நிறுத்தியாயிற்று. அதே படிவில், அதே நீர்மட்டத்துக்குக் கீழே கல்லெடுக்கத் தோண்டிய குழியை என்ன செய்வது? இதுதான் பிரச்சினை.

இறைக்காத நீர் எங்கே போகிறது?

குழி தோண்டுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று பாருங்கள். மேலே புல்லும் மண்ணும். சில மீட்டர் கீழே நிலத்தடி நீர். மண் போர்வை மூடியிருந்தவரை வெயில் அந்த நீரை எளிதில் தொட முடியவில்லை. நுண்துளைகளின் வழியே மேலேறி ஆவியாகும் நீர் கொஞ்சம்தான். குழி தோண்டியவுடன் போர்வை விலகிவிட்டது. இப்போது நிலத்தடி நீர், ஏரி நீரைப்போல வெயிலும் காற்றும் பட நிற்கிறது.

எவ்வளவு ஆவியாகும்? நீங்களே கணக்கிடலாம். சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.45 மெகாஜூல் வெப்பம் வேண்டும். டென்வர் பகுதியில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஓர் ஆண்டில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 6,000 மெகாஜூல். அவ்வளவும் ஆவியாக்கவே செலவானால் ஏறத்தாழ 2,450 லிட்டர், அதாவது இரண்டரை மீட்டர் உயர நீர், போய்விடும். ஒளியில் ஒரு பகுதி எதிரொளித்துவிடுகிறது. ஒரு பகுதி வெப்பக் கதிராகத் திரும்புகிறது. காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. மீந்தது ஆவியாக்குகிறது. அப்பகுதி நீர்நிலைகளில் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல், 1.1 மீட்டர் அளவு ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். குழி வருவதற்கு முன் அங்கிருந்த புல்லும் செடியும் மழைநீரைக் குடித்துவந்தனவே, அதைக் கழிக்க வேண்டாமா? வேண்டும். கொலராடோ சட்டமும் அதைக் கழித்துக்கொள்ள இடம் தருகிறது. மழையில் சுமார் 25 சென்டிமீட்டரை அப்படிக் கழித்தால் மிச்சம் 85 சென்டிமீட்டர். ஒரு ஹெக்டேர் குழிக்கு ஆண்டுக்கு 85 லட்சம் லிட்டர்! பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 850 லாரி. இருபது ஹெக்டேர் குழியானால் 17,000 லாரி. ஒரு மோட்டாரும் ஓடவில்லை. ஒரு குழாயும் இல்லை. சத்தமில்லாமல் இவ்வளவு நீர் போகிறது.

இதைத் தவிர, வெளியே போகும் சரளையும் ஈரத்தோடுதான் போகிறது. நீர்மட்டத்துக்குக் கீழிருந்து எடுத்துக் கழுவிய சரளையின் எடையில் 4 விழுக்காடு நீர் என்று கொலராடோ அதிகாரிகள் கணக்கு வைக்கிறார்கள். ஒரு லட்சம் டன் சரளை விற்றால் 4,000 டன், அதாவது நாற்பது லட்சம் லிட்டர் நீர் லாரி ஏறிவிட்டது என்று பொருள். ஆனால் சரளை தீர்ந்த அன்று இந்த இழப்பு நின்றுவிடும். ஆவியாதல் நிற்காது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் செய்த நல்ல காரியம்

1988-இல் ‘த்ரீ பெல்ஸ் ராஞ்ச்’ வழக்கு என்று பெயர் பெற்ற ஒரு வழக்கில் கொலராடோ உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று. சவுத் பிளாட்டின் கிளையாறான கேஷ் லா பூடரின் நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் அவ்வழக்கில் எதிர்த்தரப்பு. நிலத்தடி நீரை வெளிக்காட்டி நிற்கும் சரளைக் குழியைச் சட்டத்தின் கண்ணில் கிணறு என்றே கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. மறு ஆண்டே, 1989-இல், சட்டமன்றம் இதை விரிவான விதியாக்கியது. சரளை எடுப்பவர் நிலத்தடி நீரை வெளிக்காட்டுவதற்கு முன் கிணற்று அனுமதி பெற வேண்டும். ஆவியாகிப் போகும் நீருக்கு ஈடாக வேறு நீரை வாங்கி ஆற்றில் விட வேண்டும்.

இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். நீர் பற்றிய சட்டங்கள் பொதுவாகக் கண்ணுக்குத் தெரியும் குழாயையும் மோட்டாரையும்தான் துரத்தும். எத்தனை குதிரைத் திறன், எத்தனை மணி நேரம் என்று கேட்கும். இச்சட்டமோ, “நீ இறைத்தாயா?” என்று கேட்கவில்லை. “உன்னால் ஆற்றுக்கு எவ்வளவு குறைந்தது?” என்று கேட்கிறது. இதுவே இயற்பியல் கேட்கும் கேள்வி. வரவு, செலவு, இருப்பு என்னும் நீர்க்கணக்கை ஒரு சட்டம் இவ்வளவு நேராக எழுதியிருப்பது அரிது.

அளவைப் பொறுத்தவரை சட்டத்துக்கு நல்ல மதிப்பெண் போடலாம். காலத்தைப் பொறுத்தவரை அப்படிப் போட முடியவில்லை. மூன்று இடங்களில் அது வழுக்குகிறது.

முதல் வழுக்கல்: சூரியனுக்குத் தெரியாத தேதி

1989-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு தேதியைக் குறித்தது. 1981 ஜனவரி முதல் நாளுக்கு முன்பே நீர் வெளிப்பட்டுவிட்ட குழிகளுக்கு ஆவியாதலுக்கான ஈடு தேவையில்லை என்று விலக்குத் தந்தது.

1980 டிசம்பரில் நீர் வெளிப்பட்ட ஒரு குழியையும், 1981 பிப்ரவரியில் நீர் வெளிப்பட்ட அடுத்த குழியையும் நினைத்துப் பாருங்கள். அதே வெயில், அதே காற்று, அதே 1.1 மீட்டர். ஒன்றின் நீருக்கு ஈடு கொடுக்க வேண்டும்; மற்றொன்றுக்கு வேண்டாம். சட்டம் பின்னோக்கிப் பாயக்கூடாது என்பது நல்ல நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஒருவர் சட்டமில்லாத காலத்தில் செய்ததற்குத் தண்டனை கூடாது. ஆனால் இங்கே பேச்சு தண்டனையைப் பற்றியதன்று. 1980-இல் ஆவியான நீரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. இந்த ஆண்டு ஆவியாகிற நீரைப் பற்றியே கேள்வி. தோண்டியது பழைய செயல். ஆவியாவது இன்றும் நடக்கிற செயல். இவ்விரண்டையும் சட்டம் ஒன்றாகப் போட்டுவிட்டது.

இதனால் யாருக்கு நட்டம் என்று கேட்கிறீர்களா? 2002-இல் கொலராடோவைக் கடும் வறட்சி வாட்டியது. அதன் பின்விளைவாக, கிணற்றுப் பாசனக்காரர்கள் ஈட்டு நீர் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இறுகிற்று. 2006 மே மாதத்தில், போதிய ஈட்டு நீர் இல்லை என்று சவுத் பிளாட் கரையில் நானூறுக்கும் மேற்பட்ட பாசனக் கிணறுகளை நிறுத்திவிட்டார்கள். விதைத்துவிட்டு நின்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். நீரை இறைத்துச் சோளம் விளைவிப்பவருக்கு மோட்டாரை நிறுத்தலாம். பழைய குழிக்கோ நிறுத்துவதற்கு மோட்டாரும் இல்லை; ஈடு கேட்க விதியும் இல்லை. பயிர் காய்ந்த அந்தக் கோடையிலும் அது தன் பங்கை வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது வழுக்கல்: நிரந்தர இழப்புக்குத் தற்காலிக ஈடு

ஈடு செய்ய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நீர் நீதிமன்றம் ஏற்கும் நிரந்தர ஈட்டுத் திட்டம். இதற்குக் காலமும் செலவும் பிடிக்கும். மற்றொன்று, மாநில நீர்ப் பொறியாளர் குறுகிய காலத்துக்கு ஒப்புதல் தரும் மாற்று நீர்த் திட்டம். தவணை முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். சரளை எடுப்பவர்கள் வேலை நடக்கும் காலத்தில் இரண்டாவது வழியையே பெரிதும் நாடுகிறார்கள். ஒரு நகரத்திடமோ கால்வாய்க் கம்பெனியிடமோ நீரைக் குத்தகைக்கு எடுத்து ஆற்றில் விடுகிறார்கள்.

வேலை நடக்கும்வரை இது சரி. சரளை விற்ற பணம் வருகிறது, குத்தகை கட்டப்படுகிறது. சரளை தீர்ந்த பிறகு? வருமானம் நின்றுவிடும், ஆவியாதல் நிற்காது என்று முன்பே சொன்னேன். சரளைக் குழியின் ஆயுள் சில பத்தாண்டு. அது விட்டுச்செல்லும் நீர்ப்பரப்பின் ஆயுளுக்கு முடிவே இல்லை. கம்பெனி மூடப்பட்டால் அல்லது கைமாறினால் ஈட்டு நீரை யார் விடுவது?

அதிகாரிகள் இதை உணராமல் இல்லை. 2010-இல் மாநிலச் சுரங்க நில மீட்புத் துறை, சரளை எடுப்பவர்களுக்கு எழுதி, இதற்கு ஒரு வழி செய்தது. குழியை மூடவோ, கசியாதபடி கரை கட்டவோ போதுமான பிணைப்பணம் கட்ட வேண்டும். அல்லது நிரந்தர ஈட்டுத் திட்டத்தைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை அப்போது வலுப்பெற்றது. நல்ல திருத்தம். ஆனால் சட்டம் பிறந்தது 1989-இல்; இந்தத் திருத்தம் வந்தது 2010-இல். பள்ளி மாணவனும் கேட்கக்கூடிய “வேலை முடிந்த பிறகு என்ன ஆகும்?” என்ற கேள்விக்கு இருபத்தொரு ஆண்டுகள் கழித்தா விடை தேடுவது?

மூன்றாவது வழுக்கல்: சுவர்களுக்கு நடுவே பழைய சூத்திரம்

இப்போது சற்று நுட்பமான இடத்துக்கு வருவோம். குழியில் இன்று ஆவியான நீர், ஆற்றில் இன்றே குறையாது. ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சூடாக்கினால் மறுமுனை சுட நேரமாகிறதல்லவா? அதே கதைதான். வெப்பம் கம்பியில் பரவுவதற்கும், நீர்மட்டத்தின் சரிவு சரளைப் படிவில் பரவுவதற்கும் சமன்பாடு ஒன்றே. தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு.

இதைக் கணக்கிட 1954-இல் குளோவர், பால்மர் என்னும் இருவர் ஒரு சூத்திரம் தந்தனர். எடுத்துக்காட்டாக, நீர் நன்றாக ஊடுருவும் ஒரு படிவில், ஆற்றுக்கு 300 மீட்டர் தொலைவில் உள்ள குழியின் பாதிப்பு ஆற்றை எட்டும் கால அளவு சுமார் 15 நாள் என்று வைத்துக்கொள்வோம். அதே படிவில் 1,500 மீட்டர் தொலைவில் உள்ள குழிக்கு அது 375 நாள். தூரம் ஐந்து மடங்கு; காலம் இருபத்தைந்து மடங்கு. இந்த ஆண்டு ஆவியானதற்கு அடுத்த ஆண்டு ஆறு விலை கொடுக்கும். கொலராடோவில் ஈட்டு நீரை எந்த மாதத்தில் விட வேண்டும் என்பதை இத்தகைய கணக்கைக் கொண்டே தீர்மானிக்கிறார்கள். இதுவும் பாராட்டத்தக்கதே.

ஆனால் எந்தச் சூத்திரத்துக்கும் நிபந்தனைகள் உண்டு. படிவு எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். குழிக்கும் ஆற்றுக்கும் நடுவே தடை இருக்கக்கூடாது. சவுத் பிளாட் கரையில் இந்த நிபந்தனை இன்று நிலைத்திருக்கிறதா?

ஈட்டு நீர் தேடும் தொல்லையிலிருந்து தப்ப, பலர் குழியைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறார்கள். அடியில் உள்ள களிப்பாறைவரை குறுகிய அகழி வெட்டி, பென்டோனைட் களிமண் கலந்த குழம்பை அதில் நிரப்பினால் நீர் புகாத சுவராகிறது. உள்ளே நிலத்தடி நீர் ஊறாது. குழி ஒரு தொட்டியாகிறது. நகரங்கள் அதில் தமக்கு உரிய நீரைச் சேமிக்கின்றன. டென்வர் நகர நீர் வாரியமே இத்தகைய பழைய சரளைக் குழிகளை நீர்த்தேக்கங்களாக வைத்திருக்கிறது. சுவர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க 90 நாள் கசிவுச் சோதனை உண்டு. உள்ளே எவ்வளவு கசிகிறது என்பதை எண்ணால் அளக்கிறார்கள்.

வெளியே என்ன நடக்கிறது? ஓடும் வாய்க்காலின் நடுவே ஒரு பெட்டியை வைத்துப் பாருங்கள். பெட்டிக்கு முன்னால் நீர் ஏறும், பின்னால் தாழும். பூமிக்குள்ளும் இதுவே நடக்கும். சுவருக்கு மேற்புறம் நீர்மட்டம் உயர்ந்து அடித்தளங்களும் வயல்களும் ஈரமாகலாம். கீழ்ப்புறத்தில் கிணறு வற்றலாம். இதற்கு விதியில் இருப்பது ஒரு சொற்றொடர்: சுற்றுப்புறத்து நீர்ச் சமநிலையின் குலைவைக் ‘குறைவாக’ வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. கண்காணிப்புக் கிணறுகள் போடச் சொல்வதும் உண்டு. ஆனால் அது குழிக்குக் குழி தனித்தனியாக நடக்கிறது. குழிக்குள் வரும் நீருக்கு எண். அண்டைக் கிணற்றுக்கு அடைமொழி!

ஒரு பெட்டியானால் பரவாயில்லை. ஆற்றோரத்தில் பெட்டிகள் வரிசையாக வந்துவிட்டால் படிவு ஒரே சீரானது என்ற நிபந்தனை உடைந்துபோகிறது. நீர் சுவர்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்; வழி நீள்கிறது; காலம் நீள்கிறது. குழிக்கும் ஆற்றுக்கும் நடுவே வேறொருவர் சுவர் எழுப்பியிருந்தால், நேற்றுவரை பொருந்திய சூத்திரம் இன்று பொருந்தாது. விட்ட ஈட்டு நீர் அளவில் சரியாக இருந்து, மாதம் தவறிவிடலாம். கதிர் முற்றும்போது வர வேண்டிய நீர் அறுவடைக்குப் பின் வந்தால் உழவருக்கு என்ன பயன்? ஒவ்வொரு குழியையும் தனித்தனியே கணக்கிடும் முறையை விட்டு, ஆற்றின் ஒரு நீளப் பகுதியை முழுதாக எடுத்துக் கணினியில் கணக்கிடும் முறைக்குச் சட்டம் மாற வேண்டும். அதற்கான அறிவியல் இன்று கைவசம் இருக்கிறது.

தீர்ப்பு என்ன?

சரளை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீடும் பாலமும் மருத்துவமனையும் கான்கிரீட்டில்தான் நிற்கின்றன. ஈட்டு நீரின் செலவு சரளை விலையில் ஏறும் என்று தொழில் நடத்துவோர் சொல்வதும் உண்மையே. ஆனால் அந்தச் செலவு புதிதாகப் பிறந்ததன்று. முன்பு அதைக் கீழ்மடை உழவர், தமக்கே தெரியாமல், வாடிய பயிராகக் கட்டிவந்தார். சட்டம் அந்தக் கணக்கைச் சரியான பெயருக்கு மாற்றி எழுதியிருக்கிறது. இதற்காகக் கொலராடோ சட்டத்தை உலகத்துக்கே நல்ல முன்மாதிரி என்பேன்.

முன்மாதிரியை அப்படியே எடுக்க வேண்டும் என்பதில்லை. அதன் குறையை நீக்கி எடுக்கலாம். குழி தோண்டும் தொழிலுக்கு எந்த நாட்டில் நீர் விதி எழுதினாலும், அதை வாசிக்கும்போது நீங்கள் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இறைக்கும் நீரை மட்டும் எண்ணுகிறதா, வெயில் குடிக்கும் நீரையும் எண்ணுகிறதா? கல் தீர்ந்து கம்பெனி போன பிறகு ஈடு செய்யப் பொறுப்பு யாருடையது? ஒரு குழியை மட்டும் பார்க்கிறதா, ஆற்றங்கரை முழுவதையும் பார்க்கிறதா?

கொலராடோ சட்டம் முதல் கேள்விக்கு நன்றாக விடை சொல்கிறது, பழைய குழிகளை மட்டும் விட்டுவிட்டு. இரண்டாவதற்குத் தாமதமாகச் சொன்னது. மூன்றாவதற்கு இன்னும் சொல்லி முடிக்கவில்லை. உங்கள் கையில் வரும் விதி இம்மூன்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை என்றால், அது எத்தனை பக்கம் நீண்டிருந்தாலும் நீரைப் பற்றிய விதி ஆகாது.